கூப்பன் குதி

எனக்கென்று ஒதுக்கப்பட்ட உயர்வெல்லாம் உடம்பிலேயே செலவாகிவிட்டது. ஆறடிக்கு மேல் ஒரு விரற்கடை. அதற்கப்புறம் உத்தியோகத்திலோ ஊரிலோ என்னை உயர்த்த வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. பரணிலிருந்து அண்டா இறக்க வேண்டுமென்றால் மட்டும் ஆள் அனுப்புவார்கள். திருவிழாக் கூட்டத்தில், "அதோ அந்த நெட்டை நிக்கிறான் பார், அங்கே வந்து சேர்" என்று பிள்ளைகளுக்கு அடையாளம் சொல்வார்கள். அது தவிர என் உயரத்தால் எனக்கோ நாட்டுக்கோ ஒரு பிரயோஜனமும் விளைந்ததாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட எனக்கு, இரண்டரை அங்குலத்துக்காக உயிரையே விடத் தயாராயிருந்த ஒரு மனிதர் சிநேகிதராக வாய்த்தார்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடியில் பட்டாளத்துச் சாமான்களை அடுக்கி வைக்க, டிப்போ என்ற பெயரில் பெரிய பெரிய கொட்டகைகள் எழும்பின. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் பிடித்துக் குமாஸ்தாவாகப் போட்டுக்கொண்டார்கள். என்னையே எடுத்தார்கள் என்றால் நெருக்கடி எவ்வளவு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எனக்கு வேலை காட்ட வந்தவர்தான் அந்தச் சிநேகிதர். என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். மேலே வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணாத்தே, பாத்தா நல்லவனாட்டம் கீற. ஆனா ஒண்ணு. எம் பக்கத்துல மட்டும் நிக்காத" என்றார்.

வயதில் அவர்தான் மூத்தவர், முப்பதைத் தாண்டியவர். உயரத்தை முன்னிட்டு எனக்கு அண்ணன் பட்டம் கொடுத்துவிட்டார். கடைசிவரை அதை அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

பக்கத்தில் சேக்காட்டில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். அங்கிருந்து டிப்போவுக்குப் போகிற வண்டிப்பாதையில் நடுமேடு அவருக்கு, சக்கரத் தடம் எனக்கு என்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மழைக்காலத்தில் நான் முழங்கால் வரை சேற்றோடு ஆபீசுக்குள் நுழைவேன். அவர் மாப்பிள்ளை மாதிரி வருவார். பாதை பிரியும் இடத்தில் ஒரு கணம் சேர்ந்து நிற்க நேர்ந்தால், கண்ணில் பட்ட கல் மேல் ஏறிக்கொள்வார். கல் கிடைக்காத இடத்தில் என்னை உட்காரச் சொல்வார். நான் உட்காருவேன். அவர் நின்றபடி யுத்த நிலவரம் பேசுவார்.

அவர் போட்டிருந்தது சாதாரணப் பூட்ஸ் அல்ல. தவிட்டு நிறத்தில் கயிறு கட்டும் பூட்ஸ். அதன் பின்புறத்தில் தோலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒட்டி, ஆணியடித்து இழைத்த குதி. முன்பக்கம் செங்குத்தாக இறங்கும். பின்பக்கம் லேசாக உள்வாங்கிச் சரியும். மூர் மார்க்கெட்டில் அவர் பொறுக்கியெடுத்த ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் நடனக்காரன் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். படத்துக்குக் கீழே அதன் பெயர் இருந்தது: கியூபன் ஹீல். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் பூட்ஸ் தைக்கும் பாயிடம் போனார். பக்கவாத்தியமாக நானும் போனேன்.

பாய் படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். "இன்னா சார், இது பொம்பள ஈலா, ஆம்பள ஈலா?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல அவர் முக்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஆதில இது ஆம்பளையதுதான் பாய். பாரசீகத்துல குதிரக்காரன் குதிர மேல எழுந்து நின்னு அம்பு வுடுவான். அப்ப அங்கவடிலேர்ந்து காலு வழுக்கக் கூடாதுன்னு குதி வெச்சிகினான். அத்தப் பாத்து ஐரோப்பாக்காரன் வெச்சிகினான். பிரெஞ்சு தேசத்துல ஒரு ராஜா. குள்ளம். அவன் இன்னா பண்ணான்? இம்மாம் ஒசரம் குதி வெச்சி, அதுக்கு செவப்பு சாயம் அடிச்சான். அரமனைக்குள்ள வந்து போறவன் தவிர வேற எவனும் செவப்புக் குதி போடக் கூடாதுன்னு சட்டம். அப்பறம் பொம்பளைங்க பாத்தாங்க, ஷோக்கா கீதேன்னு அவங்களும் போட்டாங்க. உடனே ஆம்பளைக்கு வெக்கம் வந்துட்ச்சி. தட்டைக்குப் போயிட்டான். நம்ம சொத்து பாய், பொம்பளைங்க இஸ்துகினு போயிட்டாங்க. நான் திருப்பி வாங்கறேன், அவ்ளோதான்."

பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "அப்ப குதிரய எங்க கட்டிக் கீறீங்க?"

பிற்காலத்தில், வேறு வேலை இல்லாத காரணத்தால், இதையெல்லாம் தடிப் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது ஏறக்குறைய சரி. ஒரு தலைமுறை முழுக்க ஆண்கள் குதியில் ஏறி நின்றுவிட்டு, அடுத்த தலைமுறையில் அதைப் பெண்களின் அசட்டுத்தனம் என்று பழித்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புரட்சி செய்து பெரிய மனிதர்களின் தலையை எடுத்த காலத்தில், தலை தப்பியவர்கள் தாங்களாகவே குதியை எடுத்துவிட்டார்கள். உயரமாகத் தெரிவது ஆபத்து என்று புரிந்துகொண்டவர்கள். ஆனால் அந்தச் சரிவுக் குதிக்கு ஏன் கியூபாவின் பெயர் வந்தது என்பதை மட்டும் எந்தப் புத்தகமும் எனக்குத் திருப்தியாகச் சொல்லவில்லை. கியூபாக்காரர்களுக்கே தெரியுமோ என்னவோ. இப்போது சீமையில் முடி வளர்த்த பையன்கள் கிதாரோடு மேடையேறுகிறார்கள், காலில் அதே குதி. மவுண்ட் ரோட்டில் அதைப் பார்த்து நம் பையன்களும் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஃபேஷனில் முன்னோடிக்கும் பைத்தியக்காரனுக்கும் வித்தியாசம் இருபது வருஷம்தான் போலிருக்கிறது. அவர் இருபது வருஷம் முந்திக்கொண்டார், அதுவும் ஆவடியில்.

குண்டு விழுமென்று பட்டணமே பயந்திருந்த சமயத்தில் டிப்போவில் பதுங்கு குழி வெட்டினார்கள். சங்கு ஊதினால் எல்லோரும் அதில் இறங்க வேண்டும் என்று ஒத்திகை நடந்தது. குழி சராசரி மனிதனுக்காக வெட்டப்பட்டது. நான் இறங்கி நின்றால் கழுத்துக்கு மேல் வெளியே, ஜப்பான்காரனுக்கு வசதியாக இருந்தேன். அவர் நின்றால் தலை தரைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. கடவுள் குள்ளமாகப் படைத்ததற்கு ஒரு காரணம் காட்டிய அபூர்வமான இடம் அது. வேறு எவரானாலும் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் பூட்ஸ் நுனியில் எம்பி எம்பி, குழிக்கு வெளியே எட்டிப் பார்க்க முயன்றார். "தலைய இழு ஐயா, செத்துப் போவே!" என்று காவலாள் கத்தினான். அப்படித் தலையை இழுக்கச் சொல்லி ஒருவன் கத்தியது தன் வாழ்க்கையிலேயே முதல் தடவை என்று மாலையில் அவர் பூரித்துப்போய்ச் சொன்னார்.

அவருக்கு ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அது இந்த தேசம். நம் ஊரில் மனிதனின் தலைவிதி முடிவாகிற இடங்கள் எல்லாமே செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற இடங்கள். கோயில் அப்படி. கல்யாண வீடு அப்படி. பெண் பார்க்கிற கூடமும் அப்படித்தான். பாரசீகர்களும் வீட்டு வாசலில் கழற்றுகிறவர்கள்தான். ஆனால் அவர்களுக்குக் குதி தேவைப்பட்டது குதிரைமேல். இவருக்குக் கூடத்தில் தேவைப்பட்டது. தெருவில் மட்டும்தான் அவர் உயரமானவர். தெருவில் வைத்து யாரும் பெண் கொடுப்பதில்லை.

வந்த வரன்கள் ஒவ்வொன்றாக வாசலிலேயே முறிந்துபோயின. பூட்ஸோடு வந்து இறங்குவார், கழற்றுவார், இரண்டரை அங்குலம் குறைந்து உள்ளே போவார். உள்ளே இருப்பவர்கள் முகமும் அதே அளவு இறங்கும். திருவேற்காட்டில் ஒரு பெரியவர் அவரைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்து, "வண்டில வந்த மாப்ள எங்கப்பா?" என்று கேட்டேவிட்டார்.

அம்பத்தூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருத்திதான் அவருக்கு உறவு. அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். "டேய், நாம உனக்குப் பொண்ணு பாக்கறோமா, அந்த பூட்ஸுக்குப் பாக்கறோமா? சொல்லிடு. பூட்ஸுக்குன்னா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

இந்த நிலையில்தான் ஒருநாள் பூந்தமல்லிச் சந்தையில் அவர் விழுந்தார். வழுக்கி அல்ல. தேய்ந்த குதிக்குப் புதுத் தோல் வைக்க பாய் கடைக்குப் போயிருந்தோம். எதிரே ஒரு கட்டை வண்டியில் பூசணிக்காய் ஏறிக்கொண்டிருந்தது. வண்டிமேல் தகப்பனார் நின்றார். கீழே நின்ற பெண், குவியலிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்து மேலே வீசினாள். நல்ல உயரம். ஏதோ பந்து போடுவது போல வீசினாள். ஒரு காய் தகப்பனார் கை தவறி, உருண்டு பாய் கடை வாசலுக்கு வந்தது. அவள் வந்தாள், குனிந்த தலை நிமிராமல் காயை எடுத்தாள், போனாள்.

பூட்ஸ் பாயின் மடியில் இருந்ததால் அவர் வெறுங்காலோடு முக்காலிக்குப் பின்னால் மறைந்து நின்றிருந்தார். அவள் போனதும் வெளியே வந்தார். "அண்ணாத்தே, எவ்ளோ ஒசரம் பாத்தியா?"

"பார்த்தேன். ஆனா உங்களுக்கு..."

"நீ சொல்ல வர்றத சொல்லாத."

பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். "சார், இதுக்கு ஈல் பத்தாது. ஏணிதான் செய்யணும்."

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சேக்காடு வரும்வரை மேட்டை மறந்து, என்னோடு சக்கரத் தடத்திலேயே நடந்து வந்தார். அறை வாசலில் நின்று, "இந்தப் பொண்ணு தகையலேன்னா இனிமே நான் எந்த ஊட்டு வாசப்படியும் ஏற மாட்டேன். மெய்யாலுமே சொல்றேன்" என்றார். நம்பினேன். இருட்டில் அவர் முகம் தெரியாவிட்டாலும் குரல் அப்படி இருந்தது.

பெண்ணின் தகப்பனாருக்கு ஊர் காட்டுப்பாக்கம். டிப்போ சமையல் கொட்டகைக்குப் பூசணிக்காய் போடுகிறவர். ஒருநாள் வாசலில் அனுமதிச் சீட்டுக்காக நின்றிருந்தவரை இவரே வலியப் போய் விசாரித்தார். பெரியவர் கண் அவர் காலில் விழுந்தது.

"பூட்ஸு ஷோக்கா கீதே தம்பி. எங்க வாங்கனது?"

"இது சாதா பூட்ஸு இல்லீங்க. கியூபன் ஹீல்."

"கூப்பனா?"

"ஆமாங்க, கியூபன்."

"எல்லாருக்கும் குடுக்கறாங்களா?"

"எங்கீங்க! இந்தத் தாலுக்காவுலயே எங்கிட்ட ஒருத்தன்கிட்டதான் கீது."

பெரியவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அரிசிக்குக் கூப்பன், சர்க்கரைக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் என்று ஊரே காகிதத் துண்டும் கையுமாக வரிசையில் நின்ற காலம். பெரியவர் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் பட்டதாரி. பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்த மரியாதை பூட்ஸின் பளபளப்புக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே, பெண் பார்க்க வரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் சாப்பாட்டை விட்டார். என் தூக்கத்தையும் விட வைத்தார். வாசலில் உயரம் குறைவதை எப்படித் தடுப்பது என்பதுதான் பிரச்சினை. ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அந்த வீட்டு வாசலில் தாழ்வான ஒரு படி உண்டென்று விசாரித்து வைத்திருந்தார். பூட்ஸ் கயிற்றை வண்டியிலேயே தளர்த்திவிடுவது. படியில் கால் வைக்கிற அதே கணத்தில் காலை உருவிவிடுவது. பூட்ஸ் கீழே நிற்கும், கால் படிமேல் ஏறும், தலை மட்டம் மாறாது. பார்க்கிறவனுக்கு எதுவும் குறைந்த மாதிரியே தெரியாது.

என் அறை வாசற்படியில் ஒத்திகை. அவர் தலை மட்டத்துக்குச் சுவரில் நான் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். ஏறுவார், உருவுவார், "இறங்கிட்டனா?" என்பார். "ஒரு நூல் இறங்கிட்டீங்க" என்பேன். மறுபடியும் ஏறுவார். எங்கே தவறு என்று காட்ட நானே ஒருமுறை ஏறிக் காட்டினேன். வாசல் நிலையின் மேல்கட்டை என் நெற்றியில் இடித்தது. அந்தத் தழும்பை இன்றுவரை நான் யுத்தத்தில் பட்டது என்று சொல்லி வருகிறேன். முழுப் பொய்யும் அல்ல.

"சரி, உள்ளே போனப்புறம்?" என்று கேட்டேன்.

"குந்திடுவேன். குந்தினா நான் எவனுக்கும் கொறஞ்சவன் இல்ல."

"கல்யாணத்தன்னைக்கு?"

"தாலியும் குந்திகினுதான கட்டணும்?" என்றார். அதற்கப்புறம் எழுந்து நிற்கும்போது நடப்பதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. எல்லா ராஜதந்திரிகளையும் போல முதல் வெற்றிவரைதான் திட்டம் போட்டிருந்தார்.

பூந்தமல்லியிலிருந்து ஜட்கா பிடித்துக் காட்டுப்பாக்கம் போனோம். அக்கா முன்னால் இறங்கினாள். நான் சற்றுத் தள்ளி, ஒப்பந்தப்படி வேலி ஓரப் பள்ளத்தில் நின்றேன். அவர் நிமிர்ந்து நடந்தார். படி வந்தது. வலது காலை உருவினார். கத்தி உறையிலிருந்து வருகிற மாதிரி வந்தது. தலை ஒரு நூல்கூட இறங்கவில்லை. அடடா என்று என் வாய் திறந்தது. இடது காலைத் தூக்கப் போகிற சமயத்தில், "ஐயையோ! கழட்டாதீங்க, கழட்டாதீங்க!" என்று தகப்பனார் ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கூப்பன் பூட்ஸு! சர்க்கார் குடுத்தது! வெளிய வுட்டா எவனாச்சும் இஸ்துகினு போயிடுவான். போட்டுகினே வாங்க தம்பி."

"ஊட்டுக்குள்ள பூட்ஸோடயா?" என்று உள்ளேயிருந்து தாயார் குரல் வந்தது.

"யுத்த காலம்டி! சொம்மா கீ!"

அவர் ஒரு கால் பூட்ஸிலும் ஒரு கால் படியிலுமாக என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் விளங்கியது. அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. நான் இருமினேன். அவர் வலது பூட்ஸையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒரு தமிழ் வீட்டின் கூடத்தில் அவருடைய குதி சத்தம் போட்டுக்கொண்டு நடந்தது அதுவே முதல் தடவை. சாணம் மெழுகிய தரையாதலால் சத்தம் அவ்வளவு நன்றாக வரவில்லை.

எங்களுக்குப் பாய் விரித்திருந்தது. பூட்ஸ்காரருக்கு மட்டும் எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஒரு நாற்காலி. வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தால் கால் தொங்கியிருக்கும். குதியோடு உட்கார்ந்ததால் தரையைச் சரியாகத் தொட்டது. அந்தக் கால்மணி நேரம் அவர் பிரெஞ்சு ராஜாதான்.

"ஒரு கூப்பனுக்கு எத்தினி ஜோடி தம்பி?"

"ஒரு ஆளுக்கு ஒரு ஜோடிதாங்க" என்றார். அது உண்மையும்கூட.

பெண் தட்டோடு வந்தாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் தலை நிமிரக் கூடாதல்லவா? அவள் கண்ணுக்கு எட்டியதெல்லாம் எங்கள் கால்கள்தான். அக்காவின் மெட்டியைத் தாண்டினாள். என் பாதங்களைப் பார்த்து, வண்டிக்கு வழி விடுகிற மாதிரி ஒதுங்கினாள். பூட்ஸிடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

அவர் தட்டிலிருந்து ஒரு வடை எடுத்தார். அவள் நகரவில்லை. மரியாதைக்கு இன்னொன்று எடுத்தார். அப்போதும் நகரவில்லை. கைக்கு ஒரு வடையாக அவர் உட்கார்ந்திருக்க, அவள் அந்தக் குதியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நைனா, இந்த பூட்ஸு யாரு குடுத்தது?"

"சர்க்கார் குடுத்ததும்மா. கூப்பன்ல."

"இல்ல நைனா. டிப்போ ஆளுங்க எத்தினி பேரு சந்தைக்கு வராங்க! சர்க்கார் பூட்ஸு அத்தினிலயும் குதி தட்டையாத்தான் கீது. இத்தப் பாரு, தோசை அடுக்கனா மாதிரி அடுக்கி, ஆணி அடிச்சிக் கீது. இது சர்க்கார் பூட்ஸு இல்ல."

"ஏண்டி, பாக்க வந்தவரு காலயா பாப்பே?" என்று தாயார் பல்லைக் கடித்தாள்.

"வேற எத்தப் பாக்கறது? தலய குனி, தலய குனின்னு நீதான வளத்தே. இந்த சுத்துப்பட்டுல எவன் மூஞ்சியும் எனக்குத் தெரியாது. காலு அத்தினியும் தெரியும்."

கூடத்தில் எல்லோரும் தத்தம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். என்னுடையதை இழுக்க இடம் போதவில்லை.

"அத்தக் கழட்டனா எவ்ளோ ஒசரம்னு கேளு நைனா" என்றாள்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிநேகிதன் என்ற முறையிலும் படித்தவன் என்ற முறையிலும் ஏதாவது செய்ய வேண்டியது என் கடமை என்று உணர்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கியூபா என்பது ஒரு தீவு" என்று ஆரம்பித்தேன். யாரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவர் இரண்டு வடைகளையும் தட்டில் திருப்பி வைத்தார். நாற்காலியிலிருந்து இறங்கினார்.

"கூப்பனும் இல்ல, சர்க்காரும் இல்லீங்க. பூந்தமல்லில பாய்கிட்ட படத்தக் காட்டி செஞ்சது. அந்த ஈலுக்குப் பேரு கியூபன். உங்க காதுல கூப்பன்னு வுழுந்துட்ச்சி. நான் சொல்லியிருக்கணும், சொல்லல. ஒசரம் பத்தாம போட்டுகினு கீறேன்."

குனிந்து கயிற்றை அவிழ்த்தார். தளர்த்தி வைத்த கயிறுதான், ஆனாலும் நேரமாயிற்று. ஒன்றைக் கழற்றினார், பிறகு மற்றதை. நேராக நின்றார். என்னோடு அத்தனை மாதம் பழகியவர் அவ்வளவு குள்ளம் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவள் தலை நிமிரவில்லை. நிமிர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவளுடைய குனிந்த பார்வை போய் விழுந்த இடத்தில் அவர் முகம் இருந்தது. அவர் கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை. நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னொரு தபா போடுங்க" என்றாள்.

போட்டுக்கொண்டார். பார்த்தாள்.

"கழட்டுங்க."

கழற்றினார். புடவையின் இரண்டு முந்தியையும் பிரித்துப் பார்க்கிற மாதிரி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயார் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு ஆளு வந்துக் கீறீங்க. கல்யாணத்துக்கு வர்றது எந்த ஆளு?"

அவர் அவசரப்படவில்லை. குதியைப் பற்றி எந்தக் கேள்விக்கும் மளமளவென்று பதில் சொல்கிறவர், முதல் தடவையாக யோசித்தார்.

"கழட்டனவன்தாங்க வருவான். அவன வுட்டா எங்கிட்ட வேற ஆளு இல்ல."

"அப்ப சரி" என்றாள்.

தட்டைத் தாயார் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். போகும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தாயார் பதறிப் பின்னாலேயே ஓடினாள். உள்ளேயிருந்து வந்தது சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் தாயாரின் சிரிப்பும் அதோடு சேர்ந்துகொண்டது.

தகப்பனார் என் காதருகே வந்தார். அதற்கு நான் குனிய வேண்டியிருந்தது. "அப்ப கூப்பன்னு ஒண்ணு கெடையவே கெடையாதா?" என்றார். தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பார் போலிருக்கிறது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "நின்னுகினே கீறீங்களே. குந்துங்க மாப்ளே."

மாப்ளே என்ற சொல் விழுந்ததும் அக்கா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். கண் ஈரமாக இருந்தது. "பூட்ஸுக்கு இல்லடா, உனக்குத்தான் முடிஞ்சிக் கீது" என்று தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் நாற்காலியைப் பார்த்தார். வெறுங்காலோடு அதில் ஏறுவதென்றால் எம்ப வேண்டும். பாயில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நைனா, அந்த பூட்ஸ எடுத்து வெளிய வைக்கச் சொல்லு. மெழுகன தரையெல்லாம் குழியாக் கீது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தகப்பனார் எழுந்திருக்குமுன் அவரே எழுந்தார். கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்தார். ஓரடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து இரண்டு ஜோடியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என்னுடையதைவிட அவருடையது நன்றாகவே உயரம்.